பல்லில் கடித்த வெளிச்சம்

சோதித்துப் பார்க்கக் கொடுத்த விரல் நீள டார்ச்சைப் பல்லில் கடித்தபடி பாய்லருக்குள் குப்புறப் படுத்துக் கரியைச் சுரண்டினான் மாமன். கை போகும் இடத்துக்கெல்லாம் வெளிச்சம் முந்திக்கொண்டு போனது.

வழக்கமாக ஒயர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே தவழும் மச்சான், இன்று வெறுங்கையோடு பின்னால் முடங்கிக் கிடந்து இருமினான்.

"டார்ச் எப்படி மாமா இருக்கு?"

மாமன் இன்னும் வேகமாகச் சுரண்டினான். நன்றாக இருக்கிறது என்றால் விளக்குப் பிடிக்க ஆள் எதற்கு? பொண்டாட்டியின் தம்பி வேலையைத் தன் வாயாலேயே பறிப்பதா?

மச்சானைத் தாண்டி முதலில் வெளியே ஊர்ந்து வந்த மாமனைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார்.

"டார்ச் தேறுமா?"

"தூக்கிக் குப்பையில போடுங்க சார். கடிச்சா வழுக்குது, நடுவுல அணைஞ்சுபோகுது. இதை நம்பி உள்ளே போனா பொணமாத்தான் வரணும்."

அவர் அங்கேயே ஆபீசுக்குப் போன் போட்டு, டார்ச் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"உன் மச்சான்தான் பாவம்யா."

"ஏன் சார்?"

"நெஞ்சு தாங்கல, வாசல் கேட்டுல நிக்கிற வேலை குடுங்கன்னு கெஞ்சினான். விளக்குக்கு ஆள் தேவைப்படாதப்போ பார்க்கலாம்னேன். எங்கெங்கேயோ அலைஞ்சு இந்த டார்ச்சைக் கொண்டுவந்ததே அவன்தான். வேலை கிடைச்சப்புறம் உன்கிட்ட சொல்லிக்கிறேன்னான்."

பாய்லர் ஓட்டையில் மச்சானின் தலை தெரிந்தது. முகமெல்லாம் கரி. பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தது.

"பிரமாதம்னு சொல்லிட்டீங்கல்ல, மாமா?"