கப்பலேறிய அரிசி

“காஸா மக்களுக்காக என் கடைசி மூச்சு வரை போராடுவேன்!” ஒலிபெருக்கி கிழிய முழங்கினார் தேர்தலில் நிற்கப்போகும் ஸமட் ஹாஜியார். “இந்த லொறி இங்கிருந்து நேரே கொழும்புத் துறைமுகம் போகிறது. இன்றிரவே அரிசி கப்பலேறும்!”

கல்முனைக் கடற்கரையே கைதட்டியது. முஸ்பிறா மட்டும் கைதட்டவில்லை. நற்பிட்டிமுனைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்த அரிசி அது. போய்ச் சேர வேண்டுமே!

“ராத்தா, போன முறை நாம குடுத்த பால்மாவ இவர்ர கடையிலதானே வித்தாங்க?” பக்கத்தில் நின்ற மாதர் சங்கத் தலைவி றாஹிலாவிடம் குசுகுசுத்தாள். “முன்னுக்குப் போய்க் கேப்பம், வாங்க.”

“சும்மா இரிகா. மனுசன் நல்லாத்தானே கதைக்காரு.”

அதோடு விட்டாளா றாஹிலா? மைக்கைப் பிடித்து, ஹாஜியாரைப் போல ஒரு கொடைவள்ளலை இந்த ஊர் கண்டதில்லை என்று புகழ்ந்து தள்ளினாள். லொறிக்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டாள்.

ராத்தாவும் விலைபோய்விட்டாளே என்று முஸ்பிறாவுக்குச் சோறே இறங்கவில்லை. விடிந்ததும் முகநூலைத் திறந்தால் ஹாஜியாரின் சிரித்த முகம். ‘அரிசி கப்பலேறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்!’ அதற்குக் கீழே முதல் ஆளாக வாழ்த்தியிருந்தவளும் றாஹிலாதான்.

பின்னேரம் நேரே அவள் வீட்டுக்குப் போனாள் முஸ்பிறா.

“ராத்தா, இனி நான் சங்கத்துக்கு வரமாட்டன். ஏழைப் பொம்புளையள் புடி புடியாச் சேத்த அரிசிய...”

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் வாகனம் கிறீச்சிட்டு நின்றது. வேர்த்து விறுவிறுக்க இறங்கினார் ஹாஜியார்.

“றாஹிலா! ஆர ஏமாத்தப் பாக்கிறாய்? மூட்டை முழுக்கக் கடல் மண்! மேல மட்டும் ரெண்டு சுண்டு அரிசி!”

முஸ்பிறா வாயைப் பிளந்தாள்.

“அரிசி வித்த காசு போன கிழமையே காஸா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, புள்ள. உன்ட வாய் சும்மா இரிக்காதெண்டுதான் சொல்லல்ல,” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள் றாஹிலா.

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு ஹாஜியார் பக்கம் திரும்பினாள்.

“கப்பலேறின மூட்டைய, ஹாஜியார், நீங்க நடுக்கடல் வரைக்கும் நீந்திப் போயா அவிழ்த்துப் பார்த்தீங்க?”