அடடா அண்ணன் ஜெயித்துவிட்டார்

ஏணியில் நின்று இரண்டு பேர் அவருடைய மூக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காதுகள் ஏற்கெனவே போய்விட்டன.

கம்பெனியின் வரவேற்பறைச் சுவரில் கூரை வரை ஒட்டியிருந்த தன் படம் இப்படிக் கிழிபடுவதைப் பார்த்து அடடா அண்ணன் பூரித்துப்போனார். பின்னே? ஞாயிற்றுக்கிழமைதான் கோப்பை வாங்கியிருக்கிறார். கோப்பையோடு இதைவிடப் பெரிய படம் ஒட்டப்போகிறார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது?

"பார்த்துப்பா, கண்ணை மெதுவா எடுங்க, வலிக்கப்போகுது!" என்றார்.

ஏணிக்காரர்கள் சிரிக்கவில்லை. வரவேற்பறைப் பெண் தலையே நிமிரவில்லை.

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து சங்கிலிக் கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம். பன்னிரண்டு வருடங்களாக அண்ணன் எறிந்த தட்டு, கூடையைத் தவிர உலகத்தில் மற்ற எல்லா இடங்களிலும் விழுந்திருக்கிறது. அவர் மைதானத்துக்குள் காலை வைத்தால் குளத்து மீன்கள் குடும்பத்தோடு எதிர்க்கரைக்குக் குடிபெயரும்.

ஒவ்வொரு தடவையும் தலையில் கையை வைத்து "அடடா!" என்று அவர் அலறுகிற அலறலுக்காகவே கூட்டம் அலைமோதும். அந்த அலறலையும் அவர் முகத்தையும் தட்டில் அச்சடித்து விற்றது இந்தக் கம்பெனி. அதை நம்பித்தான், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த வேலையை அண்ணன் உதறினார்.

கம்பெனிக்கு இன்னோர் ஆட்டக்காரரும் உண்டு. போன வருடக் கோப்பை, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது எல்லாம் அவர் வீட்டில்தான். ஆனால் முகம் மட்டும் பரீட்சைக்கூடத்தில் காவல் நிற்கிற முகம். எல்லோரும் வைத்த பேர் உம்மணாமூஞ்சி.

அடுத்த வருடத்துக்கு இருவரில் ஒருவருக்குத்தான் ஒப்பந்தம் என்று கடிதம் வந்தது. தோற்றுக்கொண்டே இருந்தால் தன்னைத்தான் கழற்றிவிடுவார்கள் என்று அண்ணனுக்கு உதறல் எடுத்தது. ஆறு மாதம், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல், தோள்பட்டை கழன்று விழுகிற அளவுக்குப் பயிற்சி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் எறி வித்தியாசத்தில் உம்மணாமூஞ்சியையே ஜெயித்துவிட்டார். கடைசிக் கூடைக்கு நாலு எட்டு தூரத்தில் நின்று அந்த மகாசூரர் கோட்டைவிட்டதை, "என்னைப் பார்த்த பயத்துல அவருக்குக் கை நடுங்கிடுச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மேனேஜர் அம்மாவின் அறைக் குளிரில் பிணத்துக்குக்கூட ஜலதோஷம் பிடிக்கும். பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மூலையில் உம்மணாமூஞ்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க சார்."

"என்ன மேடம், துக்க வீடு மாதிரி? ஜெயிச்சவன் வந்திருக்கேன், ஒரு காபியாவது உண்டா?"

"ஜெயிச்சிட்டீங்க" என்றார் மேனேஜர் அம்மா. யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட சேதியைச் சொல்கிற குரல்.

மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அத்தனையும் அண்ணன் முகம் போட்ட தட்டுகள். சிலவற்றைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். ஒன்றில், கண்கள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள்.

அண்ணனின் கை தானாகத் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"மூணே நாள்ல திரும்பி வந்தது சார். கீழே இன்னும் நாப்பது பெட்டி பிரிக்காம கிடக்கு."

"ஏன் மேடம்? நான் ஜெயிக்கத்தானே செஞ்சேன்?"

"அதான் சார் வினை. 'நம்மள மாதிரியே எறியத் தெரியாத மனுஷன்'னு ஆசையா வாங்கினாங்க. இப்ப, 'இத்தனை வருஷமும் வேணும்னே தோத்து நம்மளை ஏமாத்திட்டான்'ங்கறாங்க."

உம்மணாமூஞ்சியின் பக்கம் கையைக் காட்டினார். "போன வருஷமே இவர்கிட்ட சொன்னேன். 'நீங்க பத்து கோப்பை வாங்கினாலும் அவர் தோக்கறதுதான் விக்குது'ன்னு. உங்ககிட்டயும் சொல்லித் தொலைச்சிருக்கணும்."

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இவ்வளவுதானே மேடம்? அடுத்த ஆட்டத்துலயே தோத்துக் காட்டறேன். எனக்கு அது கைவந்த கலை!"

"இனி நீங்க தோத்தா யாரும் நம்ப மாட்டாங்க சார்."

மேனேஜர் அம்மா ஒப்பந்தத்தை மூலைப்பக்கம் நகர்த்தினார். உம்மணாமூஞ்சி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பேனா கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் அறை முழுக்க நடமாடியது.

லிஃப்டில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.  

இரண்டாவது மாடியில் அண்ணன் தன்னைத் தேற்றிக்கொண்டார். "பரவாயில்ல தம்பி. உங்களையே ஒருநாள் ஜெயிச்சேன், அந்தப் பெருமை ஒண்ணு போதும் சாகிற வரைக்கும். என்ன, ஜெயிச்சதே என் பொழைப்புக்கு உலை வச்சிடுச்சு."

லிஃப்ட் நின்றது. உம்மணாமூஞ்சியின் உதடுகள் மெல்ல விரிந்தன. அந்த முகத்தில் இத்தனை பற்கள் இருப்பதை அண்ணன் அன்றுதான் பார்த்தார்.

"அதுக்குத்தானேண்ணே உங்களை ஜெயிக்க விட்டேன்."