வேறு மாத்திரை

"எனக்கு வேற மாத்திரை குடுங்க டாக்டர். நான் மாசமா இருக்கேன்."

'கம்பெனி டாக்டர்கிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க, வெளிநாட்டு வேலை போயிடும்' என்று சூப்பர்வைசர் எல்லாப் பெண்களிடமும் சொல்லிவைத்திருந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேலைக்காக ஊமையாக இருக்கவும் தெரிந்தவள்.

டாக்டர் நீட்டிய மாத்திரை அட்டையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நல்லவேளை, வாயைத் திறந்தீங்க! மலேரியா வராம இருக்க எல்லாருக்கும் குடுக்கிறது இது. உங்களுக்கு ஆகாது."

"அப்போ மாத்திரையே போடாம போகவா?"

"ஐயோ, அது இன்னும் மோசம்! காய்ச்சல் வந்தா பிள்ளைக்கே ஆபத்து. போகாம இருந்தா நல்லது. போயே ஆகணும்னா, மாசமா இருக்கறவங்களுக்கு வேற மாத்திரை இருக்கு. கொசுவலைக்குள்ளதான் தூங்கணும்."

"இதைப் போன தடவை ஏன் சொல்லல?"

"போன தடவையா?"

"'கர்ப்பம் இல்லை'ன்னு எல்லார் ஃபார்ம்லயும் முன்னாடியே டிக் போட்டு வச்சிருந்தீங்க. நீங்க கேக்கல, நானும் சொல்லல. அங்க போய் அட்டையோட இருந்த சீட்டைப் படிச்சேன். பயந்து நிறுத்திட்டேன். பத்தாம் நாள் காய்ச்சல்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணுமில்ல டாக்டர். அந்தக் காய்ச்சல்லயே கலைஞ்சு போயிடுச்சு. வேற மாத்திரைன்னு ஒண்ணு இருந்துச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

எழுந்தேன். ராஜினாமாவைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன்.

வெளியே வரிசையில் நின்ற பெண்களிடம், "மாசமா இருந்தா உள்ள சொல்லிடுங்க" என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஃபைலை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

நான் நிற்காமல் வெளியேறினேன்.