பிரபு சந்தைக்கு நடக்கிறார்

“தொட்டே, கையை வெட்டிப்புடுவேன் ஆலன்!”

தேவாலய வாசலில் கில்கிறிஸ்ட் பிரபு போடும் சத்தம் மீன்கடை வரை கேட்கிறது. “விழுந்துடுவீங்கப்பா, பிடிச்சுக்கிறேனே” என்கிறான் மகன், குரலில் தேன் வடிய. மூன்று மாதமாக நோயாளிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்காதவனுக்கு இன்று என்ன பாசம்! படுக்கையில் கிடந்தபடியே பிரபு ஆற்றோர நிலத்தை மகள் மரியோட்டாவுக்கு எழுதி வைத்துவிட்டார். அது செல்லுபடியாக வேண்டுமானால், அவர் எழுந்து தேவாலயத்திலிருந்து சந்தைக்குத் தனியாக நடந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு விரல் தாங்கினாலும் நிலம் ஆலனுக்கு, மரியோட்டா கன்னிமாடத்துக்கு.

பிரபு நடக்கிறார். மேலங்கி அவரைவிடக் கனமாகத் தெரிகிறது. வெயில் மினுங்கும் சேற்றிலிருந்து ஒவ்வொரு காலாக இழுத்து வைக்கிறார். சந்தைச் சிலுவையடியில் மரியோட்டா கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து நிற்கிறாள், அவை தாமாக நீண்டுவிடக் கூடாதே என்று. ஊர்வம்புக்கே பிறந்த நான் கூட்டத்தை முண்டிக்கொண்டு முன்னால் போகிறேன். பாதி வழியில் அவர் சாய்கிறார். மெல்ல, மிக மெல்ல, நிமிர்கிறார். சந்தைக்குள் நுழைந்து மீன்காரி பேதக்கின் கூடை முன் வந்து நின்று ஒரு மீனை எடுத்து முகர்கிறார்.

“என்னடி, நேத்துப் பிடிச்சதா?”

“உங்களைவிடப் புதுசுதான், பிரபுவே” என்கிறாள் பேதக், கண்ணைத் துடைத்தபடி.

பத்தாம் நாள் அவரை அடக்கம் செய்தோம். மரியோட்டா ஆர்க்னித் தீவுக் கப்பல்காரன் ஒருவனை மணந்து ஆற்றோரத்தில் குடியேறினாள். ஆலன் பிரான்ஸுக்குப் போருக்குப் போனான்; குதிரைமேல் அவனை இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.