பேசி வளர்க்க வேண்டிய பிள்ளை

"மூணு வயசு ஆகப்போகுது. இவன்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசியிருக்கியாடி நீ?"

கனிஷாய் காரைவிட்டு இறங்கி, கை கழுவி, வாசலுக்கு எதிரே விருந்தாளிக்கென்று விரித்திருந்த மெத்தையில் உட்கார்ந்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஓரகத்தி ஜிபெக்கைக் கேள்வி கேட்டே சளைக்க அடித்துவிட்டாள்.

"அக்கா, அவனுக்கு..."

"நான் பேசிட்டிருக்கேன்ல? நடுவுல வராத."

மூத்த மருமகள் பேசும்போது இளைய மருமகள் குறுக்கிடுவது அந்த மலைப்பக்கத்தில் வழக்கமில்லை. ஜிபெக் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கிண்ணத்தில் பாதி அளவு தேநீர் ஊற்றி நீட்டினாள்.

கனிஷாய் தலைநகர் பிஷ்கெக்கில் பெற்றோர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள். குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆரம்பித்தாளானால் மைக்கே சூடாகிவிடும். போனிலும் அப்படித்தான். அவள் பேசுவாள், மற்றவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். இத்தனை படித்தவளுக்குச் சொந்தத்தில் ஒரு பிள்ளை இல்லை. ஆனால் தம்பியின் மூத்த பிள்ளையை அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பது இந்தக் குடும்பங்களில் காலங்காலமாக நடப்பதுதான். பால்குடி மறந்ததும் தருவதாகக் கொழுந்தன் மெதெர், ஜிபெக்கின் புருஷன், வாக்கும் கொடுத்திருந்தான். பல் முளைக்கட்டும், பனி உருகட்டும் என்று ஜிபெக்தான் நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கனிஷாய், இன்று கையோடு கூட்டிப்போகக் கிளம்பி வந்துவிட்டாள்.

மெதெர் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பையன் எல்தார் மூலையில் உட்கார்ந்து ஆட்டு எலும்புகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

"எல்தார்! கண்ணு! பெரியம்மாவப் பாரு!"

அவன் திரும்பவில்லை.

"பாத்தியா மெதெர்? தன் பேரே தெரியல பிள்ளைக்கு. யாராவது கூப்பிட்டிருந்தாத்தானே தெரியும்? ஆட்டுக்குட்டி வளக்குற மாதிரி வளத்திருக்கீங்க!"

"அதில்ல அண்ணி, விஷயம் என்னன்னா..."

"விஷயத்த நான் சொல்றேன், நீ கேளு. மூணு வயசுக்குள்ள மூளை முக்காவாசி வளந்துடும். அதுக்குப் பேச்சுதான் உரம். நாம பேசணும், அது பதில் குடுக்கணும், திரும்ப நாம பேசணும். அப்பதான் உள்ளே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். இல்லேன்னா கடைசிவரைக்கும் மரமண்டைதான். இதக் கேக்க பிஷ்கெக்குல மாசக்கணக்கா காத்திருக்காங்க. உங்களுக்கு ஓசியிலயே சொல்றேன், அருமை தெரியுதா?"

மெதெர் வறுத்த மாவுருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அண்ணியிடம் வாய் கொடுப்பதைவிட அது சுலபம்.

எலும்பு அடுக்கு சரிந்தது. எல்தார் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். ஜிபெக் கையை இப்படியும் அப்படியும் அசைத்துச் சிரித்தாள். அவன் மறுபடி அடுக்க ஆரம்பித்தான்.

"அது என்னடி, வந்ததுலேருந்து பாக்குறேன், கைய ஆட்டிக்கிட்டே இருக்க? ஈ ஓட்டுறியா? 'விழுந்துடுச்சா கண்ணா, திரும்ப அடுக்கு' அப்படின்னு சொன்னா மகாராணிக்கு வாய் வலிச்சுடுமோ? தள்ளு, எப்படிப் பேசணும்னு காட்டுறேன்."

கனிஷாய் எழுந்து போய் எல்தாருக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு திறந்தது மடை. இது எலும்பு, இது ஆட்டோட கால்லேருந்து வந்தது, ஆடு புல்லு தின்னும், வெளியே மலை இருக்கு, மலைமேல பனி இருக்கு, பெரியம்மா வீட்டுல லிஃப்ட் இருக்கு, மேல போகும், கீழ வரும். மூச்சு விடாமல் பேசினாள். எல்தார் விளையாட்டை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க, பாருங்க! கண்ணு கொட்டாம கவனிக்கிறான்! பேச்சுக்கு எப்படி ஏங்கிக் கிடந்திருக்கு குழந்தை! பத்து நிமிஷத்துல மூளையத் தட்டி எழுப்பிட்டேன். பெத்தவ மூணு வருஷமா என்ன பண்ணிக் கிழிச்ச? போ, துணிமணிய எடுத்து வை. இருட்டுறதுக்குள்ள கணவாயத் தாண்டணும்."

ஜிபெக் கிண்ணத்தை விரிப்பில் வைத்தாள்.

"தர மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"என் பிள்ளையத் தர மாட்டேன்கா. வாக்குக் குடுத்தது அவரு. நான் குடுக்கல."

"அடேங்கப்பா! வாய் இருக்கு பாரேன் உனக்கு! அதப் பிள்ளைகிட்டத் திறந்திருந்தா நான் ஏன் வரப்போறேன்? ஊமை மாதிரி நீ வளத்து, நாளைக்கு இவன் ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லாம நிக்கணும், அதானே உன் ஆசை?"

ஜிபெக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்தார் எழுந்து ஓடிவந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். பெரியம்மாவைச் சுட்டிக் காட்டினான். பிஞ்சுக் கைகள் இரண்டையும் மடமடவென்று அசைத்தான். ஜிபெக் அழுகையோடு அழுகையாகக் களுக்கென்று சிரித்துவிட்டாள். மெதெரும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

"என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு ரெண்டு பேருக்கும்? என்னடா பண்றான் அவன்?"

"அண்ணி, அவனுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது, ஜிபெக் கையாலதான் அவனுக்குப் பேசக் கத்துக்குடுத்திருக்கா" என்றான் மெதெர். "இப்ப அவன் கேக்குறான்: 'பெரியம்மா வந்ததுலேருந்து எதையோ மென்னுக்கிட்டே இருக்காங்களே, எனக்கும் கொஞ்சம் தரச் சொல்லும்மா.'"