தமிழ் தெரியாத ரீச்சர்

"பாதர், இண்டைக்கு நான் பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்லப்போறன்," என்றாள் லவீனா.

ஜெறோம் பாதர் வாய்க்குக் கொண்டுபோன தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

குருநகர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் லத்தீனைச் சரளமாகப் பேச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முன்பு ஒரு வாத்தியார் வந்தார். கரும்பலகையில் எழுதிப் போட்டார், பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ஒரு வாயிலிருந்தும் ஒரு சொல் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகுதான் இத்தாலியில் லத்தீன் படித்துவிட்டு லவீனா வந்து சேர்ந்தாள், ஒரு தந்திரத்தோடு.

தந்திரம் சின்னதுதான். தனக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் வராது என்று சொல்லிவிடுவது. பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? விடுமுறைக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தானே. உண்மையில் லவீனாவின் தாய் மன்னார்க்காரி. வீட்டில் தமிழைத் தவிர வேறு பாஷை கதைத்தால் சோறு கிடையாது.

தந்திரம் நன்றாகவே பலித்தது. தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் பிள்ளைகள் லத்தீனில்தான் கேட்க வேண்டியிருந்தது. போகப்போக, கூரையில் விழுந்த பந்துக்கும் லத்தீனில் சண்டை பிடித்தார்கள். லவீனாவும் வேஷத்தைக் கலைக்கவில்லை. மீன் சந்தையில்கூட வாய் திறக்கமாட்டாள். மீன் விற்கிற ஸ்ரெல்லா விரலைக் காட்டி விலை சொல்வாள், இவள் தலையை ஆட்டிப் பேரம் பேசுவாள். பாஷை தெரியாத பிள்ளை பாவம் என்பதுபோல ஸ்ரெல்லா இரண்டு மீன் கூடவே போட்டு அனுப்புவாள்.

"உமக்குத் தமிழ் தெரியுமெண்டு தெரிஞ்சால், நாளையிலிருந்து ஒருத்தரும் லத்தீனிலை வாய் திறக்க மாட்டினம். வகுப்பு அதோடை சரி," என்றார் பாதர்.

"தெரியும் பாதர். ஆனா முந்தநாள் நடந்ததை நினைச்சால் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை."

முந்தநாள் வகுப்பு தொடங்க முன்பே ஸ்ரெல்லாவின் மகள் ஷெரோன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுடைய தகப்பன் சிமியோன் கடலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. அதைத்தான் அந்தப் பிள்ளை லத்தீனில் சொல்ல வந்தாள். அப்பா என்றாள், கடல் என்றாள். படகுக்குச் சொல் கிடைக்காமல் காற்றில் கையால் கீறிக் காட்டினாள். 'திரும்பி வருவார்' என்பதைக் கையை ஆட்டிக் காட்டி லத்தீனில் கேட்டு வாங்கி, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

லவீனாவுக்குத் தொண்டை வரைக்கும் தமிழ் வந்தது. கட்டிப்பிடித்து, பயப்படாதையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வகுப்புக் கெட்டுவிடும் என்று லத்தீனிலேயே ஆறுதல் சொன்னாள். அன்று பின்னேரமே சிமியோன் வந்து சேர்ந்துவிட்டார். இயந்திரம் பழுதாகி நெடுந்தீவில் ஒதுங்கியிருந்தாராம். ஊருக்கு நிம்மதி, லவீனாவுக்கு மட்டும் இல்லை. பாஷையால் தடுத்து, ஒரு பிள்ளையை அழக்கூட விடாமல் நிறுத்தி வைத்துவிட்டோமே என்று அவள் மனம் குடைந்துகொண்டே இருந்தது.

"வகுப்புப் போனால் போகட்டும் பாதர்," என்று எழும்பினாள். பாதர் மறுக்கவில்லை. அவளோடு கூடவே வந்து வாசலில் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் வழக்கம்போல எழும்பி "சால்வே" என்று வணக்கம் சொன்னார்கள்.

"பிள்ளையள், எனக்குத் தமிழ் தெரியும். உங்களை ஏமாத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் நல்ல தமிழில்.

வகுப்பில் ஒருவருக்கும் முகம் மாறவில்லை. முன் வரிசை வாங்கில் இருந்த அருட்செல்வன்தான் பெருமூச்சு விட்டான்.

"ஏன் ரீச்சர் சொன்னனீங்கள்? நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது."

லவீனாவுக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். "முதல் நாள், உங்கடை பாவாடையிலை கறி ஊத்துப்பட்டிருக்கெண்டு நான் தமிழிலை சொல்லிப் பாத்தனான். நீங்கள் டக்கெண்டு குனிஞ்சு பாத்தனீங்கள்."

தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் ரீச்சரும் கரும்பலகைப் பக்கம் போய்விடுவா என்ற பயத்தில் எல்லாரும் சேர்ந்து மறைத்தார்களாம். சந்தையிலும் சொல்லி வைத்தார்களாம். ஸ்ரெல்லாவின் விரல்கள் நினைவுக்கு வர, லவீனா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசலில் நின்ற பாதருக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

சட்டென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு ஷெரோனிடம் போனாள்.

"அப்ப முந்தநாளும் உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஏனம்மா அவ்வளவு பாடுபட்டு லத்தீனிலை சொன்னனீர்?"

ஷெரோன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டிலை எல்லாரும் தமிழிலை அழுதுகொண்டிருந்தவை ரீச்சர். லத்தீனிலை எண்டால் சொல்லுத் தேடுறதிலை அழ நேரம் வராது. அதுதான் உங்களிட்டை ஓடி வந்தனான்."