தள்ளாடும் கோழி

"உண்மையைச் சொல்லுங்க தேவகுமாரி. மூணு மாத்திரையும் குடுக்குறீங்களா, இல்ல ஒண்ண மட்டும் ஒளிச்சு வைக்கிறீங்களா?"

நர்ஸ் அன்னக்கொடி பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"சத்தியமா குடுக்குறேன் மிஸ்ஸி. மூணையும் எங்கையால அவருகிட்ட குடுத்து, தேத்தண்ணியும் வச்சிட்டுத்தான் தோட்டத்துக்குப் போறேன்."

நர்ஸை மிஸ்ஸி என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வழக்கம். அப்பா அம்மா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்த சொல் அது.

இப்போது இருப்பது வடகவுஞ்சிப் பக்கம், காப்பித் தோட்டத்தில். போன வருஷம் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய தேவகுமாரியின் புருஷன் ராஜ்மோகன், ஏணியோடு சேர்ந்து விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. கால்களில் வலி மட்டும் மிச்சம் இருந்தது, அசைவு இல்லை. போதாக்குறைக்கு இரண்டும் விறைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் வெட்டி வெட்டி இழுத்தன.

கொடைக்கானல் டாக்டர் வலிக்கு ஒன்று, முழங்கால் வீக்கத்துக்கு ஒன்று, விறைப்புக்கு ஒன்று என்று மாத்திரை எழுதியிருந்தார். வலி கொஞ்சம் குறைந்தது. வீக்கம் வற்றியது. விறைப்பு மட்டும் முதல் வாரம் அடங்கிவிட்டு மறுபடி கிளம்பியது. அளவைக் கூட்டியும் பலனில்லை.

"இன்னும் கூட்டுறதா, வேற மருந்துக்கு மாத்துறதான்னு தெரியல. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. இப்படியே போனா முழங்கால் மடங்கி இறுகிடும். அப்புறம் வீல்சேர்லகூட உக்கார முடியாது" என்று டாக்டர்தான் அனுப்பியிருந்தார்.

அன்னக்கொடிக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. மூன்றும் ஒரே வயிற்றுக்குள்தானே போகின்றன? அதில் ஒன்று மட்டும் எப்படி வேலை செய்யாமல் போகும்?

அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் கிடந்த ராஜ்மோகனின் வலது கால் வெடுக்கென்று உதைத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தேவகுமாரியோ ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க மிஸ்ஸி, காலு அசையுது. முந்தி மரக்கட்டையாட்டம் கெடந்துச்சு. முருகன் கண்ணத் தொறந்துட்டாரு."

அட, சங்கதி இதுதானா என்று அன்னக்கொடி நினைத்துக்கொண்டாள். அது வெறும் நரம்பு இழுப்பு, குணமாகிற அடையாளம் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே ராஜ்மோகனிடம் சொல்லியாயிற்று. அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை போலும். கால் அடங்கிவிடக் கூடாதென்று இவள்தான் மாத்திரையை மறைக்கிறாள். பாவம், எப்படி இவளுக்கு எடுத்துச் சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழி தள்ளாடிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, கழுத்தைத் தொங்கப் போட்டது.

"கோழிக்கு என்ன சீக்கு?"

"என்னவோ போங்க. கொஞ்ச நாளா பட்டப்பகல்ல தூங்கி விழுகுது. காலு ரெண்டும் தொவண்டு போவுது" என்றபடி தேவகுமாரி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

அன்னக்கொடி வெளியே போய்க் கோழியைத் தூக்கிப் பார்த்தாள். கால்கள் நனைந்த நூலாகத் தொங்கின. ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராஜ்மோகன்.

கோழியோடு உள்ளே வந்தாள்.

"இதுக்கு விறைப்பே இல்லையே ராஜ்மோகன். மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது."

அவன் மெல்ல முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான்.

"ரெண்ட முழுங்கிருவேன் மிஸ்ஸி. மூணாவத நாக்குக்கடியில ஒதுக்கிக்கிட்டு, அவ போனதும் வெளிய துப்பிருவேன்."

"ஏன்யா? இழுக்குறப்ப உயிர் போகுதுல்ல?"

"போவுதுதான். ஆனா மொத வாரம் காலு அடங்கிக் கெடந்தப்ப அவ மொகத்தப் பாக்க ஏலாமப் போச்சு. காலு துடிச்சாத்தான் அவ சிரிக்கிறா. நாளைக்கே நான் எந்திரிச்சு நடந்துருவேன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. அந்த நெனப்பக் கெடுக்க எனக்கு மனசு வரல." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அவகிட்ட சொல்லிராதீங்க."

அன்னக்கொடி கோழியைக் கீழே இறக்கிவிட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைசி பஸ் வரும் நேரம்.

பாதை திரும்புவதற்குள் தேவகுமாரி குடத்தோடு ஓடிவந்து வழிமறித்தாள்.

"மிஸ்ஸி, டாக்டர்கிட்ட சொல்லி இதவிட வீரியமா ஒரு மாத்திர வாங்கித் தாங்க. எப்படியாவது காலு துடிக்கிறது நிக்கணும்."

"நிக்கணுமா? அசையுதுன்னு இப்பத்தானே அம்புட்டு சந்தோசப்பட்டீங்க?"

தேவகுமாரி குடத்தை இறக்கி வைத்தாள். லயத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அது சொகமாவுறது இல்ல, வெறும் இழுப்புதான்னு டாக்டரு எங்கிட்டத் தனியா சொல்லிட்டாரு மிஸ்ஸி. இது தெரியாம அவருதான் நம்பிக்கிட்டுக் கெடக்காரு. காலு துடிச்சா ஒடனே எம்மொகத்தத்தான் பாப்பாரு. நான் சிரிக்கலன்னா அந்த மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. பஸ் போனால் போகிறது என்று அன்னக்கொடி அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.